அயல்நாட்டில் கடவுச்சீட்டு தொலைந்தால்

நம் பங்குகளில் அயல்நாட்டோடு தொடர்பில்லாத குடும்பங்களை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு வீட்டில் மகன் துபாயில் மின்பணியாளர். அடுத்த வீட்டில் மருமகள் குவைத்தில் செவிலியர். மற்றொரு வீட்டில் தந்தை சவூதியில் வாகன ஓட்டுநர். கடற்கரைப் பங்குகளிலிருந்தோ, வளைகுடாக் கடலில் படகேறி மீன்பிடிக்கச் சென்ற இளைஞர் பலர். இவர்களோடு, பல்லாண்டுச் சேமிப்பைத் திரட்டிக்கொண்டு திருநாட்டுக்கும் உரோமைக்கும் லூர்து நகருக்கும் திருப்பயணம் செல்லும் முதியோரையும் சேர்த்துக்கொள்வோம்.

இவர்கள் அனைவரையும் பிறந்த மண்ணோடு பிணைத்து வைத்திருப்பது ஒரு சிறு புத்தகம். கடவுச்சீட்டு என்றும், வழக்கில் பாஸ்போர்ட் என்றும் நாம் கூறும் அந்தப் புத்தகம், கையில் இருக்கும் வரை யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. காணாமற்போன நாளிலேதான் அதன் அருமை தெரிகிறது. அன்று மொழி தெரியாத ஊரில் நிற்கும் மகனுக்கும், தொலைபேசியில் அவன் குரலைக் கேட்டுக் கலங்கும் தாய்க்கும் ஒரே கேள்விதான் எழுகிறது: இனி என்ன செய்வது? அக்கேள்விக்கான விடையை, அமைதியாக இருக்கும் இந்த நாளிலேயே குடும்பமாக அமர்ந்து அறிந்துகொள்வது நலம் எனக் கருதி, இம்மாதம் இப்பொருளை எடுத்துக்கொள்கிறோம்.

பழைமையான ஒரு வழக்கம்

வழிப்பயணத்துக்குச் சான்று கேட்பது நேற்று வந்த வழக்கமன்று. எருசலேமின் மதிலைக் கட்டப் புறப்பட்ட நெகேமியா, வழியிலுள்ள ஆளுநர்கள் தம்மைத் தடையின்றிக் கடந்து செல்ல விடுமாறு பாரசீக மன்னரிடம் மடல்கள் கேட்டுப் பெற்றதைப் பழைய ஏற்பாட்டில் வாசிக்கிறோம். தொடக்கத் திருச்சபையிலும் பயணம் செய்யும் விசுவாசிகளும் குருக்களும் தம் ஆயரிடம் அறிமுக மடல் பெற்றுச் செல்வர். அத்தகைய மடல் இல்லாத அயலூர்க் குரு வேற்று நகரில் திருப்பணி ஆற்றலாகாது என்று 451-ஆம் ஆண்டு கூடிய கால்செதோன் பொதுச்சங்கம் விதித்தது. இன்று நாம் காணும் புத்தக வடிவிலான கடவுச்சீட்டுக்கோ, முதல் உலகப் போருக்குப் பின் 1920-ஆம் ஆண்டு பாரிசில் நாடுகளின் கழகம் கூட்டிய மாநாடு பொதுவான அமைப்பை வகுத்தது.

நம் நாட்டில் இதனை ஆள்வது 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம். அதன் 17-ஆம் பிரிவு கூறும் ஒரு செய்தியை நம் குடும்பத்தார் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டு எக்காலத்தும் மைய அரசின் சொத்து. நம் பெயரும் படமும் அதில் இருப்பினும், நாம் அதனைக் காத்து வைத்திருப்பவரே. ஆதலின் அதனை அடகு வைக்கவோ, கடனுக்கு ஈடாகக் கொடுக்கவோ நமக்கு உரிமையில்லை; பிறர் அதனைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் உரிமையில்லை. அது தொலைந்தால் அரசுக்கு அறிவிக்க வேண்டிய கடமையும் இதிலிருந்தே பிறக்கிறது.

முதற்பகை அச்சமே

கடவுச்சீட்டைத் தொலைத்தவருக்கு வரும் துன்பத்தில் பெரும்பகுதி, தொலைந்ததனால் வருவதன்று. அதனை மறைப்பதனால் வருவது. முதலாளி சினங்கொள்வாரோ, காவலர் சிறையிலிடுவாரோ, ஊரார் நகைப்பாரோ என்று அஞ்சி நாட்களைக் கடத்துகின்றனர். இதற்குள் விசாவின் காலம் முடிந்துவிடுகிறது. தங்கும் உரிமை இல்லாதவர் என்னும் நிலை ஏற்பட்டு, நாள்தோறும் தண்டத்தொகை ஏறுகிறது. தொலைத்தது குற்றமன்று, யாருக்கும் நேரக்கூடியது. அறிவிக்காமல் இருப்பதே சிக்கலை வளர்க்கிறது.

ஆகவே முதற்கண் பதற்றமின்றித் தேடவேண்டும். தங்கிய அறை, கைப்பை, ஏறி வந்த வாடகை வண்டி, பணம் மாற்றிய கடை, இறுதியாக அதனை எடுத்துக் காட்டிய இடம் ஆகியவற்றை வரிசையாக எண்ணிப் பார்த்து விசாரிக்க வேண்டும். விமான நிலையங்களிலும் பெரிய தொடர்வண்டி நிலையங்களிலும் கண்டெடுத்த பொருட்களை வைத்திருக்கும் அலுவலகம் உண்டு. ஆனால் இத்தேடல் சில மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும். 'எங்காவது இருக்கும்' என்று வாரக்கணக்கில் காத்திருத்தல் தகாது.

காவல் நிலையமும் தூதரகமும்

இரண்டாவதாகச் செல்ல வேண்டிய இடம், தொலைந்த பகுதியிலுள்ள காவல் நிலையம். எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வாறு தொலைந்தது என்பதை உள்ளது உள்ளபடி கூறி, எழுத்து வடிவில் அறிக்கை பெறவேண்டும். இத்தாலியில் இதனைத் 'தெனூன்சியா' என்பர். காராபினியேரி எனப்படும் காவற்படையினரின் நிலையத்திலோ, குவெஸ்தூரா என்னும் காவல் தலைமையகத்திலோ அதனைப் பெறலாம். உரோமையில் தெர்மினி நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் செல்லும் 64-ஆம் எண் பேருந்து, திருப்பயணிகளுக்குப் போலவே பணப்பை திருடுவோருக்கும் பழகிய ஒன்றாதலால், அங்குள்ள காவலருக்கு இத்தகைய முறையீடு புதிதன்று. வளைகுடா நாடுகளில் வேலை செய்வோரிடம் நிறுவனத்தின் கடிதத்தையும், தங்கும் அட்டையின் படியையும் சேர்த்துக் கேட்பது உண்டு. எங்காயினும் காவல் அறிக்கையின் மூலப்படியைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு இரண்டு மூன்று நகல் எடுத்துக்கொள்வது நலம். இனிச் செல்லும் ஒவ்வோர் அலுவலகத்திலும் அத்தாளையே முதலில் கேட்பர்.

மூன்றாவது இடம், நம் நாட்டின் தூதரகம் அல்லது துணைத் தூதரகம். தன் குடிமக்களுக்குக் கடவுச்சீட்டும் பயண ஆவணமும் வழங்குதல், இடருற்றோருக்கு உதவுதல் ஆகியவை இவ்வலுவலகங்களின் பணிகள் என்று 1963-ஆம் ஆண்டு வியன்னாவில் உருவான தூதரக உறவுகள் பற்றிய உடன்படிக்கை கூறுகிறது. இந்தியா 1977-ஆம் ஆண்டு அதில் இணைந்தது. ஆதலின் தூதரக வாயிலில் நிற்கும் நம் பிள்ளை பிச்சை கேட்டு நிற்கவில்லை. குடிமகனுக்குரிய உரிமையைக் கேட்டு நிற்கிறான். இந்தத் தெளிவு இருந்தால் குரல் நடுங்காது. பல நாடுகளில் விண்ணப்பங்களைத் தூதரகம் நியமித்துள்ள சேவை நிலையங்களே பெற்றுக்கொள்வதால், எங்குச் செல்ல வேண்டும் என்பதை முன்னரே கேட்டறிந்து செல்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

அங்கே கொண்டுசெல்ல வேண்டியவை: காவல் அறிக்கை, பழைய கடவுச்சீட்டின் நகல், விசா அல்லது தங்கும் அட்டையின் நகல், புகைப்படங்கள், நிறைவு செய்த விண்ணப்பம், கட்டணம். நகல் இல்லாவிடினும் கடவுச்சீட்டு எண்ணையாவது கூற இயலுமாயின் வேலை எளிதாகும். தூதரகத்தார் அதனை வழங்கிய அலுவலகத்தின் பதிவோடு ஒப்பிட்டு, இவர் இந்தியக் குடிமகனே என்று உறுதி செய்துகொள்வர். எண்ணும் தெரியாது, நகலும் இல்லை என்றால், ஊரில் விசாரித்து விடை வரும் வரை காத்திருக்க நேரும். ஒரே ஒரு தாள் நகலால் எத்தனை நாட்களின் தவிப்பு குறைகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரு வழிகள்

இங்கே இரண்டு வழிகள் உள்ளன. எதனைத் தேர்ந்துகொள்வது என்பதில் பலர் தடுமாறுகின்றனர்.

ஒன்று, அவசரச் சான்றிதழ். இது நாடு திரும்புவதற்கு மட்டுமே செல்லும். ஒரே ஒரு முறை, இந்தியாவுக்கு மட்டுமே. வளைகுடாவில் நம்மவர் இதனை 'அவுட் பாஸ்' என்று வழங்குவர். திருப்பயணிகளுக்கும், சுற்றுலா சென்றோருக்கும், உடனே வீடு திரும்ப விரும்பும் பணியாளருக்கும் இது ஏற்றது. மற்றொன்று, தொலைந்ததற்கு ஈடாகப் புதிய கடவுச்சீட்டு. இதற்கு நாள் கூடுதலாகும். எனினும் அயல்நாட்டில் வேலையைத் தொடர விரும்புவோருக்கு இதுவே வழி. வேலையில் நீடிக்க விரும்பும் ஒருவர், பதற்றத்தில் அவசரச் சான்றிதழைப் பெற்று ஊர் திரும்பிவிட்டால், மீண்டும் செல்லப் புதிய கடவுச்சீட்டும், பெரும்பாலும் புதிய விசா ஏற்பாடும் தேவைப்படும். ஆகையால் விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் ஒரு கணம் நின்று, எது தமக்கு வேண்டும் எனத் தெளிந்துகொள்ள வேண்டும்.

பயண ஆவணம் கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்ததென எண்ணலாகாது. தொலைந்த புத்தகத்தோடு, அதில் ஒட்டியிருந்த விசாவும், நாட்டினுள் நுழைந்த முத்திரையும் போய்விட்டன அல்லவா? ஆதலின் அந்நாட்டுக் குடிவரவு அலுவலகத்தில், இவர் முறையாக வந்தவரே என்று பதிவு கண்டு, வெளியேற அனுமதி பெறவேண்டியிருக்கும். சவூதியில் இவ்வலுவலகத்தை 'ஜவாசாத்' என்பர். வேலையில் தொடர்பவர் தங்கும் உரிமையைப் புதிய கடவுச்சீட்டு எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஊர் திரும்புகிறவர், இடையில் வேறு நாட்டில் விமானம் மாறவேண்டியிருந்தால், அவசரச் சான்றிதழோடு அவ்வழியில் ஏற்றிக்கொள்வார்களா என்பதை விமான நிறுவனத்திடம் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். நேர்வழிப் பயணமே பாதுகாப்பானது.

திருப்பயணிகள் இதிலிருந்து அறியவேண்டியது ஒன்றுண்டு. உரோமையில் கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டு, அவசரச் சான்றிதழோடு பாத்திமா நகருக்கும் எருசலேமுக்கும் பயணத்தைத் தொடரலாம் என எண்ணுதல் கூடாது. அச்சான்றிதழ் வீட்டுக்கு வழிகாட்டுவதேயன்றி வேறெங்கும் செல்லாது. மேலும், திருப்பயணக் குழுக்களில் அனைவருடைய கடவுச்சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு ஒருவரே சுமக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பை ஒன்று தொலைந்தால் நாற்பது பேரும் ஒருங்கே தவிக்க நேரும். எல்லையில் தேவைப்படும் வேளையில் கொடுத்து, வேலை முடிந்ததும் அவரவரே பெற்று வைத்துக்கொள்வது அறிவுடைமை.

கண்டெடுக்கப்பட்டால் என்ன செய்வது? தொலைந்ததாக அறிவித்த பின் பழைய கடவுச்சீட்டு எங்கேனும் கிடைத்துவிட்டால், அதனைக் கொண்டு பயணம் செய்யவே கூடாது. அறிவித்த அன்றே அது செல்லாததாகிவிடுகிறது. பன்னாட்டுக் காவல் அமைப்பாகிய இண்டர்போல், தொலைந்தனவும் திருடப்பட்டனவுமான பயண ஆவணங்களின் பட்டியலை 2002-ஆம் ஆண்டு முதல் பேணி வருகிறது. எல்லைகளில் அதனைப் பார்க்கின்றனர். கிடைத்த புத்தகத்தை அலுவலகத்தில் ஒப்படைப்பதே முறை.

தொலைந்ததா, பறிக்கப்பட்டதா?

இனி நாம் கூறப்போவது சற்றுக் கசப்பானது. வளைகுடாவிலிருந்து 'கடவுச்சீட்டு இல்லை' என்று வரும் முறையீடுகள் எல்லாம் தொலைந்தவை அல்ல; பல, வேலை கொடுத்தவரின் பெட்டியில் பூட்டப்பட்டவை. அது முறையன்று என்று அந்நாடுகளின் சட்டங்களே கூறுகின்றன. சான்றாக, கத்தார் நாட்டின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம், தங்கும் அனுமதிக்கான வேலைகள் முடிந்ததும் கடவுச்சீட்டைப் பணியாளரிடம் திருப்பிக் கொடுக்கக் கட்டளையிடுகிறது.

இந்நிலையில் சிலர், 'தொலைந்துவிட்டதென எழுதிக் கொடு. வேறு வாங்கித் தருகிறேன்' என்று அறிவுரை கூறுவர். இதனை ஏற்கலாகாது. பொய்யான அறிக்கை தருவது எந்த நாட்டிலும் குற்றம். அதனோடு, வேலை கொடுத்தவர் தம்மிடமுள்ள புத்தகத்தைக் காட்டிவிட்டால் வழக்கு நம் பிள்ளைமேலேயே திரும்பும். 'ஓடிப்போனவன்' என்று அவர் பதிந்துவிட்டால், சவூதியில் 'ஹுரூப்' எனப்படும் அந்தப் பதிவை நீக்குவது பெரும் பாடு. உள்ளதைத் தூதரகத்தில் எழுத்து மூலம் தெரிவிப்பதே நேர்வழி. தூதரகத்தார் முதலாளிக்கு எழுதிக் கேட்க இயலும், தொழிலாளர் துறைக்கும் வழிகாட்ட இயலும். எட்டாம் கட்டளை நாம் ஞாயிறு மறைக்கல்வியில் கற்றது மட்டுமன்று. அயல்நாட்டில் அதுவே நமக்குக் காவல்.

கையில் பணமில்லையே என்று கலங்குவோர் உளர். 2009-ஆம் ஆண்டு முதல் நம் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இயங்கி வருகிறது. உண்மையாகவே வழியற்று நிற்போருக்குத் தங்குமிடம், உணவு, ஊர் திரும்பும் பயணச் செலவு ஆகியவற்றுக்கு இந்நிதியிலிருந்து உதவ விதியுண்டு. வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய 'மதாத்' என்னும் இணையவழிக் குறைதீர்ப்பு ஏற்பாட்டில் ஊரிலிருக்கும் குடும்பத்தாரே முறையீட்டைப் பதியலாம். தமிழக அரசிலும் அயலகத் தமிழர் நலனுக்கெனத் தனித் துறை உள்ளது. இவ்வாறு வழிகள் இருக்க, தரகர் ஒருவரை நம்பித் தாலிக்கொடியை அடகு வைப்பானேன்?

பெருந்துன்பத்தின் நடுவிலும் இவ்வழிகள் செயற்பட்டதுண்டு. 1990-ஆம் ஆண்டு ஆகஸ்டில் குவைத்தை ஈராக் படைகள் கைப்பற்றியபோது, அங்கிருந்த இந்தியர் பாலைவனம் கடந்து யோர்தானின் அம்மான் நகருக்கு வந்து சேர்ந்தனர். இலட்சத்துக்கும் மேற்பட்டோரை நம் விமானங்கள் அங்கிருந்து ஏற்றி வந்தன. பயண ஆவணம் இல்லாதிருந்தோரும் அவர்களில் இருந்தனர்; அவர்களும் வீடு வந்து சேர்ந்தனர்.

வீட்டிலிருப்போர் கடமை

அயல்நாட்டில் நிற்பவருக்குப் பெருந்துணை வீட்டிலிருந்தே வரவேண்டும். எனவே ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். அதில் வெளிநாட்டில் இருப்பவரின் கடவுச்சீட்டு எண், வழங்கிய நாளும் இடமும், விசா எண், வேலை கொடுத்தவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் எண் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி வையுங்கள். கடவுச்சீட்டின் முதற்பக்க நகல் மட்டும் போதாது. பெற்றோர் பெயரும் முகவரியும் அச்சிட்ட கடைசிப் பக்கத்தின் நகலும், விசாப் பக்கத்தின் நகலும் வேண்டும். ஒரு தொகுதி வீட்டில். மற்றொன்று பயணியின் வேறொரு பையில். கைப்பேசியில் ஒரு படம். அத்தோடு இரண்டு புகைப்படங்கள்.

செய்தி வந்த நேரத்தில், 'இப்படியா தொலைப்பாய்?' என்று கடிந்துகொள்ளாதீர்கள். அக்கடுஞ்சொல்லுக்கு அஞ்சியே பலர் வீட்டுக்கு மறைக்கின்றனர். குறிப்பேட்டைத் திறந்து எண்ணைப் படித்துச் சொல்லும் தாயின் அமைதியான குரல், அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பாதி வழியைக் கடத்திவிடும். ஊர் திரும்பிய பின் காவல் அறிக்கையையும் அவசரச் சான்றிதழின் நகலையும் பத்திரப்படுத்தி வையுங்கள். புதிய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, பழையது தொலைந்த விவரத்தை மறைக்காமல் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுத வேண்டும்.

அந்நியரை ஏற்றல்

ஏரோதின் வாளுக்குத் தப்பி இரவோடிரவாக எகிப்துக்குச் சென்ற திருக்குடும்பத்தை, புலம்பெயர்ந்த எல்லாக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆணையில் நம் கண்முன் நிறுத்தினார். எகிப்தில் சூசையப்பருக்குத் தங்க இடமும் செய்யத் தொழிலும் யாரோ ஒருவர் கொடுத்திருக்க வேண்டும். அவர் யாரென நாம் அறியோம். எனினும் அத்தகையோராக நாம் இருத்தல் இயலும்.

புனித சின்னப்பரின் வாழ்விலும் ஒரு பாடம் உண்டு. எருசலேமில் அவரைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, தாம் உரோமைக் குடிமகன் என்று கூறித் தம் உரிமையை நிலைநாட்டினார். அதில் அவர் கூச்சப்படவில்லை. பின்னர் அவர் சென்ற கப்பல் மால்தா தீவருகே உடைந்து, 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பற்றியும் கரை சேர்ந்தனர். இவர் யார், எந்நாட்டவர் என்று கேட்டு நிற்காமல், அத்தீவினர் மழையிலும் குளிரிலும் நடுங்கியோருக்குத் தீ மூட்டினர். சின்னப்பரும் சும்மா இருக்கவில்லை. தாமே சுள்ளி பொறுக்கினார். உரிமையைக் கேட்கும் துணிவு, உதவியை ஏற்கும் பணிவு, தன்னால் ஆனதைச் செய்யும் முயற்சி ஆகிய மூன்றும் கடவுச்சீட்டைத் தொலைத்தவருக்கு வேண்டியவை.

துபாய், தோகா, குவைத், பஹ்ரைன் ஆகிய இடங்களிலுள்ள நம் ஆலயங்களில் தமிழ் மக்கள் ஒன்றுகூடுகின்றனர். அயல்நாடு செல்லும் நம் பிள்ளைகள் அங்குச் சென்ற முதல் மாதத்திலேயே அச்சமூகத்தோடு அறிமுகமாகிவிட வேண்டும். இடர் வந்த நாளில் வழிகாட்டவும், தூதரகத்துக்கு உடன்வரவும், ஓர் இரவு தங்க இடம் தரவும் அவர்களிடையே ஆள் கிடைப்பர். திருப்பலிக்குச் செல்லாத பிள்ளை அருள்வாழ்வில் மட்டுமன்றி, இவ்வகையிலும் தனித்துப்போகிறான்.

காணாமற்போன பொருளுக்குப் பதுவைப் புனித அந்தோனியாரை மன்றாடுவது நம் வழக்கம். உவரியிலும் புளியம்பட்டியிலும் அவர் திருத்தலங்களை நாடாத குடும்பம் நம்மிடையே எது? மொரோக்கோ நாட்டில் மறைபரப்பச் சென்ற அவர், நோயுற்றுத் திரும்புகையில் கடற்காற்றால் சிசிலித் தீவில் ஒதுங்கியவர். அந்நிய மண்ணில் வழிதவறுவது இன்னதென அறிந்தவர். அவரை நம்பிக்கையோடு மன்றாடுவோம். மன்றாடிவிட்டு உடனே காவல் நிலையத்துக்கும் செல்வோம். நம்பிக்கையும் முயற்சியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

இன்று இரவு குடும்ப செபமாலை முடிந்ததும், வீட்டிலுள்ள கடவுச்சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். நகல் இருக்கிறதா? எண் எழுதப்பட்டுள்ளதா? தூதரகத்தின் தொலைபேசி எண் வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் உள்ளதா? இல்லையெனில் நாளையே செய்துவிடுங்கள். தொலைவில் இருக்கும் பிள்ளைக்காக நாள்தோறும் செபிக்கும் வீட்டில், அவனுக்காக ஒரு தாளில் நான்கு எண்களை எழுதி வைப்பதும் அன்பின் பணியே.